மெலிட்டோன் பேரில் நூற்று இருபத்து நான்கு மணி நேரம்

2012 அக்டோபர் 1. தன்னார்வலர் உழைப்புக் கணக்குத் தொடக்கம். மணிக்கு 24 டாலர்.
2013 செப்டம்பர் 30. மரப்பாலம் மூடப்பட்டது.
2014 மே 14. மாநில மானியம் 4,80,000 டாலர். உள்ளூர்ப் பங்கு 1,20,000. அதில் ரொக்கம் 60,000, உழைப்பு 60,000.
2014 செப்டம்பர் 30. உழைப்புக் கணக்கு முடிவு. 2,611 மணி. 62,664 டாலர்.
2014 டிசம்பர் 11. தள்ளுபடி 318 மணி. 7,632 டாலர்.
2015 ஜூன் 30. நிதியாண்டு முடிவு.

செனாய்டா காயேகோஸ் ஆல்ட்டோ ஃப்ரீயோ என்ற மலை ஊரில் பிறந்தவள். பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். பனிக்காலத்தில் அந்த மலைப் பாதையில் இருபத்தேழு வருஷம் ஓட்டியும் ஒரு பிள்ளைக்குக்கூடச் சிராய்ப்பு ஏற்பட்டதில்லை. அதை அவள் பெருமையாகச் சொல்லிக்கொண்டதும் இல்லை. அவளுக்குப் பெருமை என்று இருந்தது சாப்பாட்டுக்கடைதான். ஓய்வுப் பணத்தையும், புருஷன் மெலிட்டோன் இறந்தபோது வந்த காப்பீட்டுத் தொகையையும் போட்டு, ரயில் நிலையத்துக்கு எதிரே அதைக் கட்டினாள். பதினான்கு மேசை. மகன் அன்செல்மோவும் மருமகளும் சமையல், அவள் கல்லா.

கீழே மெர்சர் நகரத்திலிருந்து காலையில் கிளம்பும் நீராவி ரயில் பகல் பன்னிரண்டரைக்கு ஆல்ட்டோ ஃப்ரீயோ வந்து சேரும். ஒன்றே முக்கால் மணி நேரம் நிற்கும். இருநூறு பேர் கரிப்பொடி படிந்த முகத்தோடு இறங்கி வருவார்கள். அவரை விதைக் குழம்பு, பச்சை மிளகாய் போட்ட பன்றிக்கறி, சுடச்சுடத் தோர்த்தியா ரொட்டி, கடைசியில் ஆப்ரிகாட் பழம் வைத்துப் பொரித்த அப்பம். மே கடைசியிலிருந்து அக்டோபர் நடுவரை அந்த ஒன்றே முக்கால் மணி நேரம்தான் ஊருக்குப் பிழைப்பு. ஊரில் மிச்சம் இருந்தது நாற்பத்தோரு வீடு.

வழியிலிருந்த மரப்பாலம் ஆபத்தானது என்று எழுதி ஒட்டியதும் ரயில் பாதி வழியோடு திரும்பிப் போக ஆரம்பித்தது. கடை மூடியது. அன்செல்மோ குடும்பத்தோடு மேற்கே எரிவாயுக் கிணறுகளில் வேலைக்குப் போனான். "ரயில் மேல வந்த அன்னிக்கு நான் வந்து அடுப்பைப் பத்த வைக்கிறேம்மா" என்று சொல்லிவிட்டுப் போனான். அவள் நாற்காலிகளை மேசைகள் மேல் கவிழ்த்து வைத்தாள். வாரம் ஒருமுறை போய்த் தூசி தட்டினாள். எலி வந்துவிடக் கூடாதே என்ற கவலை.

இந்தப் பாதையைச் சரக்கு ரயில் நின்றுபோன பிறகு மாநிலம் வாங்கியது. பராமரிப்புக்கு ஒருநாளும் போதிய பணம் கொடுத்ததில்லை. தண்டவாளத்துக்கு அடியில் ஸ்லீப்பர் கட்டை மாற்றுவதும் ஜல்லி தள்ளுவதும் சனிக்கிழமைதோறும் கூடுகிற தன்னார்வலர்கள்தான். பெரும்பாலும் பழைய கேங்மேன்களின் பிள்ளைகள், அவர்களும் அறுபதைத் தாண்டியவர்கள். மெலிட்டோனும் அவன் அண்ணன் திராங்கிலினோவும் அந்தக் கூட்டத்தில் முதலிலிருந்தே இருந்தார்கள். யார் எத்தனை மணி வேலை செய்தார்கள் என்று எழுதுவது செனாய்டாவின் வேலை.

அந்தக் கூட்டத்துக்கு ஒரு பழக்கம் இருந்தது. கூட்டத்தில் ஒருவர் இறந்துபோனால் அவர் பேரைப் புத்தகத்திலிருந்து எடுக்க மாட்டார்கள். சாயங்காலம் கருவிகளை வண்டியில் போடும்போது, உயிரோடிருக்கிற ஒருவர் தன் கடைசி ஒரு மணி நேரத்தைச் செத்தவருக்குக் கொடுப்பார். "இன்னிக்கு எனக்கு ஏழு போடு, எங்கப்பாவுக்கு ஒண்ணு போடு" என்பார். யார் எப்போது ஆரம்பித்தது என்று யாருக்கும் தெரியாது. கல்லறைக்குப் பூ கொண்டுபோவதைவிட இது மேல் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கலாம். மற்றவர்கள் ஒரு மணி கொடுத்தால் திராங்கிலினோ தம்பிக்கு இரண்டு கொடுப்பார், சில நாள் மூன்று.

"மெலிட்டோன் உசுரோட இருந்தப்போ இவ்வளவு நேரம் குனிஞ்சதே இல்ல" என்பார் ஒருவர். "செத்த பிறகுதான் பொறுப்பு வந்திருக்கு."

"அவனுக்கு முதுகு வலி போயிடுச்சுல்ல" என்பார் திராங்கிலினோ.

சிரிப்பார்கள். செனாய்டாவும் சிரிப்பாள். சிரித்துக்கொண்டே மெலிட்டோன் காயேகோஸ் என்று எழுதுவாள். வாரத்தில் ஒருமுறை அந்தப் பேரை எழுத ஓர் இடம் இருந்தது அவளுக்குப் பிடித்திருந்தது.

அந்தப் புத்தகம் அவர்களுக்குள் இருந்தவரை அதை யாரும் கேட்கவில்லை. மரப்பாலத்தைச் சீராக்க மாநிலம் தரும் மானியத்துக்கு உள்ளூர்ப் பங்கு வேண்டும், உழைப்பையும் பணமாகக் கணக்கிடலாம் என்று விதி வந்தபோது தன்னார்வலர் சங்கத்தார் அதே புத்தகத்தைப் பிரதி எடுத்து அனுப்பினார்கள். அடியில் "மேற்கண்டவை உண்மை" என்று கையெழுத்துப் போட்டவள் செனாய்டா. போடும்போது அவள் கூட்டலைத்தான் சரிபார்த்தாள். கூட்டல் சரியாக இருந்தது. உழைத்த மணி உழைத்த மணிதானே என்பது அவள் எண்ணம்.

டிசம்பரில் மாநில நிதி அலுவலகத்திலிருந்து கார்லா விட்மன் என்ற தணிக்கை அதிகாரி வந்தாள். முப்பது வயதிருக்கும். மரியாதையான பெண். மூடிய கடையில் இரண்டு நாற்காலியை மட்டும் கீழே இறக்கிப் போட்டுச் செனாய்டா அவளுக்குக் காப்பி கொடுத்தாள். கார்லா பட்டியலில் விரலை வைத்தாள்.

"இவங்கள்ல பத்துப் பேருக்குப் போன் பண்ணிக் கேக்கணும். அதுதான் முறை. இந்த மெலிட்டோன் காயேகோஸுக்கு நம்பர் போடலையே. எங்க பிடிக்கலாம் இவரை?"

"மேட்டுல" என்றாள் செனாய்டா. "மாதா கோயிலுக்குப் பின்னால, மூணாவது வரிசை."

கார்லாவுக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. பிறகு அவள் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"இந்த மாதிரி இன்னும் எத்தனை பேர்ம்மா?"

செனாய்டா ஒளிக்கவில்லை. ஏழு பேரைத் தொட்டுக் காட்டினாள். ஒவ்வொருவர் பேரிலும் யார் உழைத்தது என்றும் சொன்னாள். அவரவர் அவரவர் வீட்டு ஆளுக்குத்தான் கொடுப்பது வழக்கம் என்பதால் அதில் குழப்பம் இல்லை. கார்லா எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். போகும்போது, "நீங்க பொய் சொன்னீங்கன்னு நான் எழுத மாட்டேன். ஆனா இதை நான் பாத்துட்டேன். பாக்காத மாதிரி இருக்க முடியாது" என்றாள்.

அந்த ஏழு பேரின் 318 மணியும் தள்ளுபடி ஆயிற்று. மிச்சம் 2,293. வேண்டியதோ 2,500.

பிப்ரவரி 24 அன்று, ரொக்கப் பங்கைத் தர வேண்டிய கவுன்ட்டி (மாவட்ட) மன்றத்தின் கூட்டம் மெர்சரில் நடந்தது. மூன்று உறுப்பினர். அதற்குள் உள்ளூர் வாரப் பத்திரிகை, செத்தவர்கள் தண்டவாளம் போடுகிறார்கள் என்று தலைப்புப் போட்டுவிட்டது. அரங்கில் உட்கார இடமில்லை.

வேட் கிட்ரெஜ் மெர்சரில் விடுதி நடத்துகிறவர், மன்ற உறுப்பினரும்கூட. அவர் கத்தவில்லை. "நான் ரயிலுக்கு விரோதி இல்ல. எங்க தாத்தா அதுல கரி அள்ளிப் போட்ட ஃபயர்மேன். ஆனா கணக்கைப் பாருங்க. ரயில்ல வர்றவன் காலைல வர்றான், மேல போய் ஒருவேளை சாப்பிடுறான், சாயங்காலம் காரை எடுத்துட்டுப் போயிடுறான். அந்தப் பாதையைச் சைக்கிள் தடமா மாத்தினா வர்றவன் ரெண்டு ராத்திரி தங்குவான். பாலத்துக்கு நம்ம கைக்காசு அறுபதாயிரம். அதுக்கு எதிர்ப் பங்குன்னு இவங்க காட்டின கணக்குல ஏழு பேர் கல்லறைல இருக்காங்க."

சிலர் சிரித்தார்கள். செனாய்டா எழுந்தாள்.

"ஒருவேளைன்னு சொன்னீங்களே வேட். அந்த ஒருவேளைச் சாப்பாடுதான் எங்க ஊரு."

"தெரியும் செனாய்டா. அதனாலதான் கஷ்டமா இருக்கு."

"கஷ்டமா இருக்கிறவர் பத்திரிகைக்காரனைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்க மாட்டார்."

அவர் காகிதங்களைப் புரட்டினார். அன்று எந்தத் தீர்மானமும் ஆகவில்லை.

மார்ச்சில் கார்லாவே போன் செய்தாள். ஒரு வழி இருந்தது. மேல்முறையீடு செய்யலாம். இறந்தவர் பேரில் உண்மையில் உழைத்தவர்கள், அந்த மணிகள் என்னுடையவை என்று நோட்டரி முன்னால் பிரமாணப் பத்திரம் எழுதிக் கொடுத்தால் மாநில மானியக் குழு பரிசீலிக்கும். குழு மாதத்தின் இரண்டாம் புதன்கிழமை கூடும்.

"குறையுறதைக் கையிலேருந்து பணமாக் கட்டிட்டா?"

"ஆகாதும்மா. உழைப்புப் பங்கு உழைப்பாத்தான் வரணும். புதுசா இப்போ செய்ற வேலையும் சேராது. அந்த ரெண்டு வருஷத்துக்குள்ள செஞ்சதா இருக்கணும்."

மெலிட்டோன் தவிர மற்ற ஆறு பேருக்கும் மணி கொடுத்திருந்த ஐந்து பேர் ஒரே வாரத்தில் கையெழுத்திட்டார்கள்; அவர்களில் ஒருவர் வீட்டில் செத்தவர் இரண்டு பேர். ஒருவர் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே போய் வெகுநேரம் லாரியிலேயே உட்கார்ந்திருந்தார். ஐந்து பேருடையதும் சேர்ந்து 194 மணி. மொத்தம் 2,487. இன்னும் பதின்மூன்று மணி குறைந்தது. திராங்கிலினோ ஒருவர்தான் பாக்கி. மெலிட்டோன் பேரில் அவர் கொடுத்தது நூற்று இருபத்து நான்கு.

அவருக்கு அப்போது எழுபத்தொன்பது வயது. அன்செல்மோவுக்கு ஞானத்தகப்பன். அந்த ஞான உறவால் செனாய்டா அவரைக் கொம்பாத்ரே என்றும், அவர் அவளைக் கொமாத்ரே என்றும்தான் அழைப்பார்கள். அவள் போனபோது அவர் விறகு பிளந்துகொண்டிருந்தார். சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"முடியாது கொமாத்ரே."

"ஏன் கொம்பாத்ரே? நீங்கதானே உழைச்சீங்க? பொய் ஒண்ணும் இல்லையே."

"உழைச்சது நான். கொடுத்தாச்சு. உன் புருஷனுக்குத்தான் கொடுத்தேன். கொடுத்ததைத் திருப்பி எடுத்து, அது என்னுதுன்னு பைபிள்ல கை வச்சுச் சொல்லச் சொல்றியா?"

"பதிமூணு மணி போதும். பதிமூணுக்கு மட்டும் எழுதிக் கொடுங்க."

"எந்தப் பதிமூணு?"

அவள் கையிலிருந்த படிவத்தைப் பிரித்துப் பார்த்தாள். அது அதற்கு இடம் கொடுக்கவில்லை. ஒருவர் கொடுத்தது முழுவதையும் சொல்ல வேண்டும் என்றிருந்தது.

"கொம்பாத்ரே, அவர் இருந்திருந்தா கையெழுத்துப் போடுன்னுதான் சொல்லியிருப்பார். கடை அவர் காசு. அன்செல்மோ உங்க பிள்ளை மாதிரி."

"அவன் இருந்திருந்தா" என்று சொல்லிவிட்டு அவர் கோடாரியைக் கட்டையில் கொத்தி நிறுத்தினார்.

அவள் மறுபடி போனாள். பாதிரியாரை அனுப்பினாள். அன்செல்மோ போன் செய்தான். எதற்கும் அவர் அசையவில்லை. அவர் பேரை அவளே எழுதிவிடலாம் என்று தன்னார்வலர்களில் ஒருவர் மெல்லச் சொன்னார். அவர் கையெழுத்து அவளுக்கு நன்றாகத் தெரியும். தடுமாறி விழுகிற எழுத்து, சுலபம். "ஒரு தடவை அடியில கையெழுத்துப் போட்டுத்தான் இவ்வளவும்" என்று சொல்லி அவள் அந்தப் பேச்சை முடித்தாள்.

ஏப்ரல் 6, திங்கட்கிழமை காலை. திராங்கிலினோ அவள் வாசலில் நின்றார். தோளில் மண்வெட்டி, கையில் பழைய ஸ்பேனர்.

"நான் யோசிச்சேன். அவன்கிட்டேருந்து அந்த மணியை எடுக்கணும்னா முதல்ல வேற மணி கொடுத்துட்டு எடுக்கணும். நூத்தி இருபத்து நாலு. அதைச் செஞ்சுட்டு வந்து உன் பேப்பர்ல கையெழுத்துப் போடுறேன்."

"இப்பவா? பனி இன்னும் உருகல. உங்க வயசுல..."

"வண்டில கொண்டுபோய் விடு. என்னால முன்ன மாதிரி நடக்க முடியல."

"முதல்ல கையெழுத்துப் போடுங்க கொம்பாத்ரே. அப்புறம் வருஷம் பூரா வேலை செஞ்சு கொடுங்க, நான் கேக்கவே மாட்டேன்."

"கடன் வாங்குறதா? தம்பிகிட்டயா?" அவர் அதை வேடிக்கையாகச் சொல்லவில்லை. "சாகறதுக்குள்ள முடியலன்னா என்ன பண்றது?"

அப்படி ஆரம்பித்தது. காலையில் ஒன்பது மணிக்கு அவள் அவரை ஆல்ட்டோ ஃப்ரீயோ நிலையத்தின் பக்கப் பாதைக்குக் கொண்டுபோய் விடுவாள். அவரால் ஒரு நாளைக்கு மூன்று மணிக்கு மேல் முடியவில்லை. ரயில் வராத தண்டவாளத்தின் ஓரம் அடைந்துபோன வடிகாலைத் தோண்டினார். தளர்ந்த மரையை முடுக்கினார். ஆணியைச் சம்மட்டியால் அடிக்கும்போது மூன்றில் ஓர் அடி தவறும். அவள் தன் சிறிய லாரியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருநாள் தாங்காமல் இறங்கி மண்வெட்டியை எடுத்தாள்.

"வச்சுடு" என்றார். "நீ தொட்டா அந்த நேரம் சேராது."

"நான் அவர் பொண்டாட்டி."

"உனக்கு வேணும்னா நீ தனியாக் கொடு. இது அண்ணன் கொடுக்கிறது."

அவள் மண்வெட்டியை வைத்துவிட்டு லாரிக்குப் போனாள். சூடான காப்பி ஊற்றிக் கொடுத்தாள். இதை அவள் எந்தப் புத்தகத்திலும் எழுதவில்லை. அவர் எழுதச் சொல்லவும் இல்லை. இன்னும் எவ்வளவு என்பது அவருக்குத் தெரியும்.

ஏப்ரலில் பனி பெய்த நாள்கள் வீணாயின. மே மாதம் அவருக்கு நெஞ்சுச் சளி கட்டி ஒன்பது நாள் படுத்துவிட்டார். ஜூன் பத்தாம் தேதிக் குழுக் கூட்டம் நெருங்கியது. அவள் கார்லாவுக்குப் போன் செய்தாள்.

"ஜூன் கூட்டத்துக்குப் பத்திரம் வரலைன்னா ஜூலைல எடுத்துக்குவாங்க" என்றாள் கார்லா. "ஆனா நிதியாண்டு ஜூன் முப்பதோட முடியுது. பணத்தை அடுத்த வருஷத்துக்கு நீட்டணும்னு உங்க கவுன்ட்டி மன்றம் ஒரு கடிதம் எழுதணும். அது வழக்கமா எல்லாரும் எழுதுறதுதான். இதுவரைக்கும் யாருக்கும் மறுத்ததில்ல."

அதைக் கேட்டு அவள் நிம்மதியானாள். ஜூன் எட்டாம் தேதி திராங்கிலினோவுக்குப் பதினைந்து மணி பாக்கியிருந்தது. அன்று அவர் முகம் வெளிறியிருந்தது. கேட்டிருந்தால் அன்றே கையெழுத்துப் போட்டிருப்பாரோ என்னவோ. அவள் கேட்கவில்லை. கடிதம் இருக்கிறது, ஜூலை இருக்கிறது, இந்த மனுஷனை அவசரப்படுத்த வேண்டாம் என்று நினைத்தாள்.

ஜூன் 13, சனிக்கிழமை. பதினொன்றரை மணிக்கு அவர் ஸ்பேனரைக் கீழே வைத்தார். தண்டவாளத்தின் மேல் உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றினார். "கொடுத்தாச்சு" என்றார், அவளைப் பார்த்து இல்லை.

திங்கட்கிழமை மெர்சருக்குப் போய் நோட்டரி முன்னால் கையெழுத்திட்டார். செனாய்டா அதை அன்றே பதிவுத் தபாலில் அனுப்பினாள்.

ஜூன் 23 அன்று மன்றக் கூட்டத்தில் நீட்டிப்புக் கடிதம் பதினோராவது பொருளாக வந்தது. ஒரு நிமிஷ விஷயம் என்று நினைத்து அவள் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். வேட் கிட்ரெஜ் வேண்டாம் என்றார். அது எதிர்பார்த்ததுதான். மன்றத் தலைவி ஆதரித்தாள். மூன்றாவது உறுப்பினர் ஃபெர்மின் மாயெஸ்தாஸ். செனாய்டாவின் சித்தி மகன், மேல் மலைக் கிராமங்களின் ஓட்டில் ஜெயித்தவன். அவன் மேசையைப் பார்த்தபடி வேண்டாம் என்றான்.

வெளியே வண்டி நிறுத்துமிடத்தில் அவன் அவளிடம் வந்தான்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. கொடுக்க வேண்டிய அந்த அறுபதாயிரம் எங்கேருந்து வருது? ரோட்டுப் பணத்துலேருந்து. போன பனிக்கு எங்க ஊர்ல ஆம்புலன்ஸ் மேல ஏற முடியல. ஒரு பொம்பளை வழியிலயே பெத்தா. அவங்க என்னைக் கேக்குறாங்க, ஜல்லி ஏன் தண்டவாளத்துக்குப் போகுது, ரோட்டுக்கு ஏன் வரலன்னு."

"அந்த ரோட்டுல நான் இருபத்தேழு வருஷம் பஸ் ஓட்டினேன் ஃபெர்மின். எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்."

"தெரியும்தானேக்கா."

"அப்போ இதைப் பிப்ரவரியிலேயே சொல்லியிருக்கலாம். அந்தக் கிழவர் பத்து வாரம் மண்ணு வெட்டியிருக்க மாட்டார்."

அவனுக்கு அது தெரியாது. யாரும் சொல்லியிருக்கவில்லை. என்ன மண், எந்தக் கிழவர் என்று கேட்டான். அவள் லாரியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டாள்.

ஜூலை எட்டாம் தேதி குழு கூடியது. நடந்ததைக் கார்லா போனில் சொல்லவில்லை. கடிதமாகத்தான் வந்தது. ஒரு பக்கம். மேல்முறையீடு ஏற்கப்படுகிறது. 318 மணியும் செல்லும். உள்ளூர் உழைப்புப் பங்கு நிறைவேறியதாகக் குழு தீர்மானிக்கிறது. இரண்டாவது பத்தியில், நீட்டிப்புக் கோரிக்கை வராததால் 4,80,000 டாலர் ஜூன் 30 அன்று மாநிலக் கருவூலத்துக்குத் திரும்பிவிட்டது என்றும், வருங்காலத்தில் புதிதாக விண்ணப்பிக்கலாம் என்றும், அதற்குப் புதிய உழைப்புக் கணக்கு தேவைப்படும் என்றும் இருந்தது.

அவள் கடிதத்தை எடுத்துக்கொண்டு திராங்கிலினோ வீட்டுக்குப் போனாள். அவர் சமையலறையில் நாற்காலியில் போர்வையோடு உட்கார்ந்திருந்தார். கண் சரியாகத் தெரிவதில்லை என்பதால் படிக்கச் சொன்னார். அவள் முதல் பத்தியைப் படித்தாள்.

"எல்லாத்தையும் ஏத்துக்கிட்டாங்களா? நூத்தி இருபத்து நாலையும்?"

"எல்லாத்தையும் கொம்பாத்ரே."

"சரி" என்றார். போர்வையை இழுத்து மூடிக்கொண்டு, "அப்போ பாலம் எப்போ ஆரம்பிக்கிறாங்க?"

அவள் இரண்டாவது பத்தியையும் படித்தாள். படித்து முடித்ததும் அவர் கடிதத்தைக் கையில் வாங்கி, மடித்து, அவளிடமே திருப்பிக் கொடுத்தார். அடுப்பில் காப்பி இருக்கிறது, ஊற்றிக்கொள் என்றார்.

அன்று சாயங்காலம் அன்செல்மோவுக்குப் போன் செய்தாள். பிள்ளைகளை அங்கேயே பள்ளியில் சேர்த்துவிடுவதாகச் சொன்னான். "பெரிய குளிர்ப்பெட்டியை யாராவது கேட்டா கொடுத்துடும்மா" என்றான். சரி என்றாள்.

இருட்டுவதற்கு முன் கடைக்குப் போய் மேசைகளை அளந்து வைத்தாள். விற்பதாக இருந்தால் அளவு கேட்பார்கள்.

குழுவின் கடிதம் ஆல்ட்டோ ஃப்ரீயோ தபால் நிலையத்துக்கு வந்து சேர்ந்தது 2015 ஜூலை 16, வியாழக்கிழமை.